பொம்மை எங்கே தேடும்?

என் ஆராய்ச்சிக்கு வேண்டியவை இரண்டு துணிப் பொம்மைகள், ஒரு பனையோலைப் பெட்டி, பால்மா வந்த ஒரு வெறும் தகர ரின், ஒரு சின்னப் பந்து. அவ்வளவுதான். இவற்றை ஒரு பையில் போட்டு ஸ்கூட்டியின் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு புதுக்குடியிருப்பிலிருந்து கடற்கரைப் பக்கம் போவேன். வழியில் கண்டவர்கள் நான் பொம்மை விற்கிறேன் என்றே நினைத்தார்கள். ஒரு அக்கா மறித்து விலையும் கேட்டுவிட்டார். விற்கவில்லை அக்கா, வளர்ச்சி உளவியல் படிக்கிறேன், பிள்ளைகளின் மனம் எப்படி வளருகிறது என்று பார்க்கிற படிப்பு என்று விளக்கம் சொன்னேன். "உதுக்குப் படிக்கவும் வேணுமோ பிள்ளை? ஒண்டைப் பெத்துப் பாருங்கோ, எல்லாம் விளங்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் வழியில் போனார்.

சோதனை சின்னது. பிள்ளைக்கு முன்னால் மேசையில் இரண்டு பொம்மைகளையும் வைப்பேன். சிவப்புச் சட்டைப் பொம்மை பந்தை ஓலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே போகும். அது போன கையோடு நீலச் சட்டைப் பொம்மை பந்தை எடுத்து ரின்னுக்குள் போட்டு மூடிவிடும். பிறகு சிவப்புப் பொம்மை திரும்பி வரும். அப்போது நான் பிள்ளையிடம் கேட்பேன்: "இவா பந்தை எங்க தேடுவா?"

பந்து ரின்னுக்குள் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். பொம்மைக்குத் தெரியாது. இந்த வித்தியாசம் விளங்கிய பிள்ளை ஓலைப் பெட்டியைக் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிற பிள்ளை ரின்னைக் காட்டும். ஐந்து வயதை எட்டும்போது அநேகமான பிள்ளைகளுக்கு இது பிடிபட்டுவிடும் என்பது நாங்கள் படித்த பாடம். முதலில் பந்துக்குப் பதிலாக ரொபி மிட்டாய் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் பொம்மையையும் என்னையும் மறந்து ரொபியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் கேள்விக்கு மறுமொழியாக ரொபியை எடுத்து வாயில் போட்டான். அதோடு பந்துக்கு மாறிவிட்டேன்.

நான் வவுனியாவில் ஒரு கம்பஸில் தகுதிகாண் விரிவுரையாளர். தகுதிகாண் என்றால், கதிரை தந்திருக்கிறார்கள், சாய்ந்திருக்க விடவில்லை. உரிய காலத்துக்குள் ஆராய்ச்சிப் பட்டத்தை முடித்தால் வேலை நிரந்தரம். முடிக்காவிட்டால் எழும்பிப் போகவேண்டியதுதான். ஏற்கெனவே கால நீடிப்புக் கேட்டு வாங்கியாயிற்று. இன்னொரு முறை கேட்க எனக்கு வாயில்லை. கொழும்புப் பிள்ளைகளைப் பற்றி, யாழ்ப்பாணப் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறார்கள், வன்னிப் பிள்ளைகளைப் பற்றி ஆர் எழுதுவது என்று வீறாப்பாகத் தலைப்பைக் கேட்டு வாங்கியதும் நான்தான். ஆகவே யாரையும் நோக முடியாது.

நான் போன முன்பள்ளி மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அரைச்சுவர் வைத்த ஒரு மண்டபம். கடற்காற்று ஒரு பக்கத்தால் வந்து சுவரில் ஒட்டிய படங்களை எல்லாம் உரித்துக்கொண்டு மறுபக்கத்தால் போகும். பிள்ளைகளின் தகப்பன்மார் மீன்பிடிக்கக் கடலுக்கும் களப்புக்கும் போகிறவர்கள். படிப்பித்த ரீச்சர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வாய்க்காரி. நான் வந்த முதல் நாளே பிள்ளைகளை வரிசையாக இருத்தி, "மிஸ் பொம்மை காட்டப் போறா. ஒருத்தரும் கதைக்கக்கூடாது. எங்க பாப்பம், வாயில விரல்!" என்றார். அத்தனை பிள்ளைகளும் சுட்டுவிரலை உதட்டில் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. சோதனை விதியும் அதுதான். பிள்ளை இடையில் பொம்மையோடு கதைத்தால் அந்தத் தடவையைக் கணக்கில் எடுக்கக்கூடாது.

ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். விரலை உதட்டிலிருந்து எடுக்காமலே மற்றக் கையால் காட்டினார்கள். காட்டியது ரின்னை. அடுத்த பிள்ளையும் ரின். அதற்கடுத்த பிள்ளையும் ரின். இடைக்கிடை ஓலைப் பெட்டியைக் காட்டியவர்கள் இருந்தார்கள், இல்லை என்றில்லை. ஆனால் போதாது. ஐந்து வயது முடிகிற பிள்ளைகள்கூட ரின்னைத்தான் காட்டினார்கள்.

அப்போதுதான் அந்தச் சிறுமி வந்தாள். அடுத்த தை மாதம் முதலாம் வகுப்புக்குப் போக இருந்தவள். இரட்டைப் பின்னல், முழங்காலில் காய்ந்த காயம். நீலப் பொம்மை பந்தை மாற்றியபோது அவளுடைய விரல் உதட்டில்தான் இருந்தது. சிவப்புப் பொம்மை திரும்பி வந்து ஓலைப் பெட்டிப் பக்கம் ஓரடி வைத்ததுதான் தாமதம், கதிரையில் ஏறி நின்றுவிட்டாள்.

"அங்க இல்லை! இஞ்ச, ரின்னுக்குள்ள கிடக்கு!"

என்னிடம் இல்லை, பொம்மையிடம் சொன்னாள். நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு அவளை இருத்தி, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "இவா பந்தை எங்க தேடுவா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "ரின்னுக்குள்ளதான். இப்ப நான் சொல்லிப்போட்டன் எல்லோ."

ரீச்சர் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னுமொரு தடவை பழுதாய்ப் போயிற்றே என்ற எரிச்சல்தான் வந்தது. அவளை நீக்கவேண்டிய பக்கத்தில் போட்டேன். அவளைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக விரலை எடுத்துவிட்டுப் பொம்மைக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்கள். அவர்களையும் நீக்கினேன்.

என் மேற்பார்வையாளர் கொழும்பில் இருக்கிற ஒரு பேராசிரியர், யாழ்ப்பாணத்தவர். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் ஓர் இலக்கம் பிழைத்தால் அதை விட்டு நகரவும் மாட்டார். வழமைபோல் கணினித் திரையில் கதைத்தோம். முடிவுகளைப் பார்த்துவிட்டு, "இதில யோசிக்க என்ன இருக்கு? இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மற்றவரின்ர மனதை விளங்கிக்கொள்ளுற ஆற்றல் பிந்தித்தான் வருது. ஒரே வசனம். யுத்தம், இடப்பெயர்வு, வறுமை எண்டு காரணம் எழுதவும் விசயம் இருக்கு. நீர் நேரத்துக்கு முடிச்சிடலாம்" என்றார்.

"அது உண்மையோ எண்டு எனக்குத் தெரியேல்லை, சேர்."

"தெரியாததை எழுதச் சொல்லேல்லை. கண்டதை எழுதச் சொல்லுறன். உமக்கு இது சொந்த ஊர் எண்டதால உணர்ச்சிவசப்படாதையும்."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த ஒரு வசனத்தை எழுதினால் பட்டம், வேலை, எல்லாம் சரி. எழுதாவிட்டால் காட்டுவதற்கு வேறொன்றும் கையில் இல்லை. ஆனால் அந்த வசனம் ஒருமுறை அச்சில் ஏறினால் இறங்காது. அடுத்தவர் அதை எடுத்துத் தன் கட்டுரையில் போடுவார், அதற்கடுத்தவர் அவரைப் பார்த்துப் போடுவார். முல்லைத்தீவுப் பிள்ளைகள் மனதால் பிந்தியவர்கள் என்பது படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விசயமாகிவிடும். அதை முதலில் எழுதியவள் அந்த மண்ணில் பிறந்தவள் என்பதால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

அப்படி எழுதப்பட்டதன் ருசி எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து நாங்கள் வவுனியா முகாமில் இருந்தபோது, பிள்ளைகளைப் பரிசோதிக்க என்று சிலர் வந்து ஒரு வீட்டுப் படம் கீறச் சொன்னார்கள். நான் தறப்பாள் கூடாரத்தைக் கீறினேன். எங்கள் தலைக்கு மேல் இருந்தது தறப்பாள்தான். வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவவுக்கு வீட்டின் வடிவம் பிடிபடவில்லை, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். என் காது கேட்கத்தான் சொன்னார். நான் இந்தப் படிப்புக்கு வந்தது பிள்ளைகள் மேல் உள்ள அன்பினால் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். உண்மையில் கோபத்தினால்தான் வந்தேன்.

அதற்கடுத்த கிழமை முன்பள்ளிக்குப் போனபோது ரீச்சர், "எப்பிடி மிஸ் எங்கட பிள்ளையள்?" என்று கேட்டார். "கொஞ்சம் பிந்தித்தான் நிக்கினம் போல கிடக்கு" என்று என் வாய் சொல்லிவிட்டது. ரீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு விசயம் தெரிந்தால் அதை வயிற்றுக்குள் வைத்திருக்க அவரால் ஏலாது. அன்று பின்னேரத்துக்குள் கடற்கரை முழுக்கக் கதை போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் அந்தச் சிறுமியின் தாய் வந்து நின்றார். மகளைக் கையில் பிடித்திருந்தார். காலில் கடல்மண் ஒட்டியிருந்தது. வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்த முகம்.

"மிஸ், என்ர பிள்ளை ஏலாத பிள்ளை எண்டு எழுதிப்போட்டியளோ?"

"இல்லையக்கா. நான் இன்னும் ஒண்டும் எழுதேல்லை."

"தையில பெரிய பள்ளிக்கூடத்துக்கு விடோணும். உங்கட எழுத்தைக் காட்டி அங்க ஆரும் வேண்டாம் எண்டு சொன்னா நான் என்ன செய்யிறது?"

பிள்ளைகளின் பெயர் ஒன்றும் வெளியே வராது, ஆராய்ச்சி விதி அது என்று நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "பேர் போட மாட்டியள். ஊரைப் போடுவியள்தானே?" என்றார்.

"இனி உங்கட விளையாட்டுக்கு என்ர பிள்ளை வராது" என்று சொல்லி, மகளை இழுத்துக்கொண்டு போனார். சிறுமி திரும்பிப் பார்த்துப் பொம்மைகளுக்குக் கை காட்டினாள்.

சனிக்கிழமை புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் போனேன். மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்று பையைக் கிளறினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பைக் காணவில்லை. காற்சட்டைப் பையில் கை வைத்ததுதான் தெரியும், நாலு பக்கத்தாலும் குரல் வந்தது.

"தங்கச்சி, திறப்பு வண்டியிலயே தொங்குது!" என்றார் வெங்காயம் விற்ற அம்மா. அதே நேரம் தேத்தண்ணிக் கடைக்குள் இருந்து ஒருவர், "பிள்ளை, அதில கிடக்கு, அதில!" என்று கையை நீட்டினார். மீன் வாங்கிக்கொண்டு போன ஒரு மனிசி நின்று, என் தோளில் தட்டி, திறப்பைத் தொட்டே காட்டினார். ஓட்டோக்காரத் தம்பிக்கு மனத்தாங்கல். "நான் அப்பவே கண்டனான், அக்கா. நீங்கள் வந்தவுடன சொல்லுவம் எண்டு வந்த ஒரு ஹயர் ஓட்டத்தையும் விட்டிட்டு நிக்கிறன். இவை முந்திட்டினம்" என்றான்.

எல்லாருக்கும் நன்றி சொல்லி ஸ்கூட்டியை எடுத்தேன். சந்தையைத் தாண்டவில்லை, ஓரமாக நிறுத்திவிட்டேன். நின்ற இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடி விசரி! இந்த ஊரில் ஒரு மனிசியைப் பிழையான இடத்தில் தேட விடுவார்களா? ஒரு மாடு காணாமல் போனாலும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். வழி கேட்டால் வழி சொல்லிவிட்டு, பாதி வழிக்குக் கூடவும் வருவார்கள். சிவப்புப் பொம்மை திரும்பி வந்தால் எங்கே தேடும்? ரின்னுக்குள்தான் தேடும். ஏனென்றால் அதற்கு முதல் ஆராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் நின்று வேடிக்கை பார்க்கிற ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொருத்தமான சோதனையைக் கொண்டுபோய் நான் இந்தப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. கதிரையில் ஏறி நின்று கத்தினாளே, அவள் ஏன் கத்தினாள்? தெரியாத ஆளுக்குத்தானே சொல்லுவோம். தெரிந்த ஆளுக்குப் போய் ஆர் சொல்லுவார்? பொம்மைக்குத் தெரியாது என்று அவளுக்கு விளங்கியிருந்தது. விளங்கியதால்தான் சொன்னாள். நான் எதைத் தேடிக்கொண்டு கடற்கரைக்குப் போனேனோ அதையே அவள் கத்திச் சொல்லியிருக்கிறாள், நான் அதைப் பழுது என்று எடுத்து எறிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஒளிப்பதிவுகளை எல்லாம் மறுபடி பார்த்தேன். கேள்வியையும் மறுமொழியையும் விட்டுவிட்டு, பொம்மை திரும்பி வருகிற இடத்தை மட்டும் பார்த்தேன். விரலை உதட்டில் வைத்திருந்த பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி கதிரையில் நெளிகிறாள். ஒருத்தன் விரலைக் கடிக்கிறான். இன்னொருத்தன் பொம்மையைப் பார்த்து ரின் பக்கம் கண்ணைக் காட்டுகிறான். ரீச்சர் வாயில் விரல் என்று சொல்லியிராவிட்டால் அந்த மண்டபமே கத்தியிருக்கும்.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "நல்ல கதை. ஆனா கதைதான்" என்றார். "பந்து எங்க எண்டு தெரிஞ்ச சந்தோசப் புளுகத்தில பிள்ளை சும்மா கத்தியிருக்கலாம். பொம்மைக்குத் தெரியாது எண்டு விளங்கித்தான் சொன்னது எண்டு எப்பிடிக் காட்டுவீர்?"

நல்ல கேள்வி. அதற்கான மறுமொழி வாயில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "பொம்மையை ஒருக்கா பாக்க விடுறன், சேர். யன்னலுக்கு வெளியில நிண்டு, பந்தை மாத்திறதை அது பாக்கட்டும். இன்னொருக்காப் பாக்காமல் இருக்கட்டும். சும்மா புளுகத்தில கத்திறதெண்டால் பிள்ளைகள் ரெண்டு தரமும் கத்தோணும். விளங்கிச் சொல்லுறதெண்டால் பாக்காத பொம்மைக்கு மட்டும்தான் சொல்லுவினம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுக்கத் திரும்பச் செய்யவேண்டி வரும். உமக்குக் காலம் இல்லை."

"செய்யிறன், சேர்."

"முடியாமல் போனா வேலையும் போகும். அதை யோசிச்சீரோ?"

"செய்யிறன் எண்டு சொல்லிட்டன், சேர்."

காட்போட் மட்டையில் ஒரு சுவர் வெட்டி, அதில் ஒரு யன்னல் வைத்தேன். அது முடிந்த அன்றே முன்பள்ளிக்குப் போனேன். தாய்மாரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் தொட முடியாது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன், ஒருவரும் சம்மதிக்கவில்லை. முகத்தை முறித்துக் கதைக்கவில்லை, தேத்தண்ணி தந்தார்கள், கதிரை தந்தார்கள். கையெழுத்துக் கேட்டால் மட்டும் ஒரே மறுமொழி: "அவா தன்ர பிள்ளையை விட்டா நாங்களும் விடுவம், மிஸ்."

அவா என்றால் அந்தச் சிறுமியின் தாய். வீட்டுக்குப் போனேன். கணவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "அவா இண்டைக்குக் கொட்டிலுக்குப் போட்டா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு" என்றார். எந்தக் கொட்டில் என்று நான் கேட்கவில்லை. யுத்தத்தின் முடிவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற தாய்மாரும் சகோதரிகளும் படங்களோடு ஆண்டுக்கணக்காக இருக்கிற வீதியோரக் கொட்டிலை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. ஒவ்வொரு முறையும் அதைக் கடக்கும்போது ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைப்பேன், பிறகு போய்விடுவேன். அன்று நிறுத்தினேன்.

தாய் முன்வரிசையில் இருந்தார். மடியில் ஓர் இளைஞனின் படம், சட்டம் போட்டது. அவருடைய தம்பி. அவனைப் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று சொன்னவர் இல்லை. சிறுமி கதிரைகளுக்குக் கீழே தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நீங்களும் எழுத வந்தனீங்களோ?" என்றார் தாய், வீதியைப் பார்த்தபடி. "எத்தினை பேர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போட்டினம். ஒருத்தரும் திரும்பி வந்து ஒண்டும் சொன்னதில்லை."

"நான் எழுத வரேல்லையக்கா. ஒரு விசயம் சொல்ல வந்தனான். உங்கட பிள்ளை செய்தது சரி. நான் வைச்ச சோதினைதான் பிழை. அது எனக்கு இப்பதான் விளங்கினது."

அவர் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். "அதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"ஓம். இன்னொருக்கா வேற மாதிரிச் செய்து பாக்கவேணும். நீங்களும் உள்ளுக்கு இருந்து பாருங்கோ. பிடிக்காட்டி அந்த இடத்திலயே நிப்பாட்டலாம்."

அவர் படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "சரி. தெரிஞ்ச உடன வந்து சொன்னனீங்கள். அதுக்காக வாறன்" என்றார்.

திங்கட்கிழமை அவர் முன்பள்ளியில் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு பின்னால் இருந்தார். ரீச்சர் பழக்கத்தில் "வாயில..." என்று தொடங்க, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "இண்டைக்கு விரல் வேண்டாம். கதைக்கிறதெண்டாக் கதைக்கலாம்" என்றேன். பிள்ளைகளைவிட ரீச்சருக்குத்தான் அது பெரிய அதிர்ச்சி.

முதலில் சிவப்புப் பொம்மை யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தது. அதன் கண் முன்னாலேயே நீலப் பொம்மை பந்தை ரின்னுக்குள் மாற்றியது. சிவப்புப் பொம்மை உள்ளே வந்தது. சிறுமி பேசவில்லை. கதிரையில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். அவளுக்கு அலுத்துவிட்டது. "என்ன மிஸ், எடுக்கச் சொல்லுங்கோவன். அவா பாத்தவா எல்லோ."

அடுத்த முறை சிவப்புப் பொம்மையைச் சுவருக்குப் பின்னால் படுக்கவைத்தேன். நீலப் பொம்மை பந்தை மாற்றியது. சிவப்புப் பொம்மை எழும்பி வந்து ஓலைப் பெட்டிப் பக்கம் திரும்பியது. சிறுமி கதிரையில் ஏறிவிட்டாள். "ரின்னுக்குள்ள! அங்க இல்லை, ரின்னுக்குள்ள கிடக்கு!"

விதியில் இல்லாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்டேன். "முந்தி ஏன் சொல்லேல்லை? இப்ப ஏன் சொன்னனீர்?"

"முந்தி அவாவுக்குத் தெரியும். இப்ப தெரியாது. சொல்லாட்டி அவா தேடிக்கொண்டெல்லோ இருப்பா."

பின்னால் குட்டிக் கதிரை சரிந்த சத்தம் கேட்டது. தாய் எழும்பி வெளியே போய், எங்களுக்கு முதுகு காட்டி அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறுமி இறங்கி வந்து பொம்மையின் கையில் பந்தைக் கொடுத்தாள். நான் சோதனையை நிறுத்திவிட்டு வெளியே போக எழும்பினேன். தாய் திரும்பாமலே, "நிப்பாட்டாதையுங்கோ மிஸ். மற்றப் பிள்ளையளையும் செய்யுங்கோ" என்றார்.

செய்தேன். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் செய்தேன். எல்லாப் பிள்ளைகளும் சிறுமியைப்போல் இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். இரண்டு தரமும் கத்தியவர்களும் இருந்தார்கள். ஒருமுறையும் வாய் திறக்காத கூச்சக்காரர்களும் இருந்தார்கள். ஒருத்தன் நீலப் பொம்மைக்கு அடித்துவிட்டான். ஆனால் சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் பார்க்காத பொம்மைக்குத்தான் சொன்னார்கள். மழை தொடங்கி வீதி சேறாகும் வரைக்கும் வேறு முன்பள்ளிகளுக்கும் போனேன். கம்பஸில் படிப்பித்துவிட்டு ஓடிப்போய், பஸ்ஸில் நித்திரைகொண்டு, கால நீடிப்பு முடிகிற கடைசிக் கிழமையில் எழுதி முடித்தேன்.

பேராசிரியர் சிறுமியின் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். கடைசியில், "நான் சொன்ன அந்த வசனத்தை எழுதவேண்டாம். நீர் கண்டதை எழுதும்" என்றார். பிறகு தன் வழமைப்படி நாலாவது அட்டவணையில் ஓர் இலக்கம் பிழை என்று சொல்லி, அதைத் திருத்தும் வரைக்கும் விடவில்லை. பரிசோதகர்கள் வாய்மொழித் தேர்வில் என்னை உலுப்பி எடுத்தார்கள். கூச்சக்காரப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர் துருவித் துருவிக் கேட்டார். அது எனக்கு இன்னும் தெரியாது என்றேன். பட்டம் கிடைத்தது. வேலையும் நிரந்தரமானது.

தை மாதத்தில் ஒரு காலை, நேரில் சொல்லவேண்டும் என்று கடற்கரைக்குப் போனேன். சிறுமி வெள்ளைச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக வாசலில் நின்றாள். தாய் பின்னலை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாஸ் பண்ணிட்டியளோ, மிஸ்?"

"ஓமக்கா. எங்கட பிள்ளையள் பிந்தேல்லை எண்டு எழுதியிருக்கிறன். ஊரையும் போட்டுத்தான் எழுதியிருக்கிறன்."

அவர் தலையை ஆட்டினார். றிபனைக் கட்டி முடித்தார். பிறகு, "தேடுற ஆளுக்குத் தெரியாது எண்டு விளங்கினா பிள்ளை சொல்லும். அப்பிடித்தானே எழுதினனீங்கள்?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப, விளங்கியும் சொல்லாமல் இருக்கிற பெரிய ஆக்கள் இருக்கினம்தானே. அவையளுக்கு என்ன பேர் வைச்சிருக்கிறியள், உங்கட படிப்பில?"

எங்கள் படிப்பில் அதற்கு ஒரு பெயரும் இல்லை என்றேன். இல்லாததை இருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை. அவர் மகளின் முதுகில் புத்தகப் பையை மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அதைப் படியுங்கோ, மிஸ்" என்றார்.

படிக்கிறேன் என்றேன்.